மேலண்டைக் கிளை

மரம் அறுக்க வந்த துரைக்கண்ணு முதலில் டீ கேட்டார். குடித்து முடிக்கும்போதுதான் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா தம்பி, போன்ல புளியமரம்னுதானே சொன்ன? இது புளியந்தோப்பால்ல கீது."

ஜீவானந்தம் சிரிக்கவில்லை. "ஒரே மரம்தான். அடியோட போவணும். பொழுது சாயறதுக்குள்ள முடியுமா?"

"கண்ணமங்கலத்துலேந்து மெஷின வண்டியில கட்டிக்கினு மல ஏறியாந்துகீறேன். முடியாதுன்னா வருவனா?"

மெஷின் என்று அவர் சொன்னது சங்கிலி ரம்பத்தை. அதன் கயிற்றை ஒருமுறை சுண்டி இழுத்தார். அது உறுமிய உறுமலில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அன்பரசி எழுந்து உட்கார்ந்தாள்.

ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அவள் தூங்கும் நேரம். திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒரு நாள் பாதி ஷிப்டில் தலைத்துணியை அவிழ்த்து மிஷின் மேல் போட்டுவிட்டு வெளியே நடந்து வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "முடியல." அவள் மில்லை விட்டாளே தவிர அவள் உடம்பு ஷிப்டை விடவில்லை. இருட்டினால் விழிப்பு, வெளுத்தால் தூக்கம். ஊரில் அவளுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். நேருக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் இன்னா என்று திரும்பிப் பார்த்தாள். அதனால் கூப்பிட்டவர்களுக்குத்தான் சுவாரசியம் போய்விட்டது.

அவிழ்ந்த தலையோடு வெளியே வந்தாள். கயிறு, கோடரி, ரம்பம், எண்ணெய் டப்பா எல்லாம் மரத்தடியில் கிடந்தன.

"எதுக்கு இதெல்லாம்?"

"மரம் அறுக்க" என்றான் ஜீவானந்தம். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"யார் மரம்?"

"நம்ம மரம்."

"நம்ம மரம்னு இங்க ஒரு மரமும் இல்ல. உன் கிளை கீது. சித்தப்பா கிளை கீது. என் கிளை கீது. எத அறுக்கப் போறண்ணா?"

துரைக்கண்ணு டீ டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். இந்த வேலை உடனே ஆரம்பிக்காது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அந்த ஊரில் நிலத்தைப் பங்கு வைப்பது ஒரு கணக்கு, புளியமரத்தைப் பங்கு வைப்பது வேறு கணக்கு. நிலத்துக்கு வரப்பு போடலாம். மரத்துக்கு எங்கே போடுவது? அதனால் கிளை கிளையாகப் பிரித்துக்கொள்வார்கள். அடிமரம் பொது. அவரவர் கிளையில் காய்த்தது அவரவருக்கு. தன் கிளையை உலுக்கும்போது அடுத்தவர் கிளையில் இருந்து காய் விழுந்தால், குலுக்கினவனே பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த மரம் ஆள் உயரத்துக்கு மேலே மூன்றாகப் பிரிந்திருந்தது. கிழக்கே போன கீழண்டைக் கிளை சித்தப்பா சடையனுடையது. காட்டைப் பார்த்துச் சாய்ந்த தெற்குக் கிளை ஜீவானந்தத்துக்கு. மேற்கே வீட்டுக் கூரைக்கு மேலே உயர ஏறிப்போன மேலண்டைக் கிளையை அப்பா சாவதற்கு முன்னால் மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெண்ணுக்குக் கிளை கொடுத்ததைக் கேட்டு ஊர் சிரித்தது. அதுவும் மேலண்டைக் கிளை. கழி போட்டு அடித்தால் காய் கூரையில் விழும், ஓடு உடையும். யாருடைய கோபத்துக்கும் ஆளாகாமல் மகளுக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் போலும். ஆனாலும் அந்த மலையில் அவளுக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான்.

பங்குனி பிறந்தால், வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போக மில் வேன் மறுபடி மலை ஏறும். ஜீவானந்தம் வேன்காரனிடம் பேசி வைத்திருந்தான். மரத்துக்கும் வேனுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் சொல்லிக்கொண்டான். இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மரம் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் அண்ணன் சோறு போடுகிற விருந்தாளி. விருந்தாளியை வேனில் ஏற்றிவிடலாம். கிளை இருக்கிறவளை ஏற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

"வூடு கட்டணும்ல அன்பு" என்றான் ஜீவானந்தம். "அஸ்திவாரம் அங்கதான் வருது."

"நாலு மாடு மேயற அளவுக்கு இடம் கீது. அந்தாண்ட தள்ளி எடு அஸ்திவாரத்த. வூட்டுக்காக வெட்டறேன்னு சொல்லாத. எதுக்கு வெட்டறேன்னு வாயத் தொறந்து சொல்லு."

அவன் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அவன் மனைவி ஈஸ்வரி திறந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"எனக்காகத்தான் வெட்றாரு. போதுமா?"

அன்பரசி அடிமரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

விஷயம் இதுதான். கிளை மூன்றும் பிரிகிற முக்கவைக்குக் கீழே, தெற்குப் பக்கம் பார்த்து அடிமரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதில் ஒரு பிராணி குடியிருந்தது. ஈஸ்வரியின் முதல் கரு கலைந்த வாரத்தில் அது மரத்து உச்சியில் நின்று விட்டு விட்டு நீளமாகக் கத்தியது. அது கத்தினால் வீட்டில் ஒரு உயிர் குறையும் என்று அவள் பிறந்த ஊரில் பேச்சு. குறைந்துவிட்டது. இப்போது மறுபடி ஒரு கரு தங்கியிருக்கிறது. இருட்டியதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு காதில் துணியை அடைத்துக்கொள்வாள்.

"அது தெனம் கத்துது அண்ணி" என்று முன்பு ஒருமுறை அன்பரசி சொல்லிப் பார்த்திருக்கிறாள். "நீங்க கேட்டது அன்னிக்குத்தான்."

"கேட்டுட்டேன்ல" என்றாள் ஈஸ்வரி. 

சித்தப்பா அந்தப் பிராணியைப் பறவைப்பூனை என்பார். பள்ளிப் புத்தகத்தில் அதற்குப் பறக்கும் அணில் என்று பெயர் போட்டிருந்தது. இரண்டும் தப்பு என்பது அன்பரசியின் கட்சி. அது பூனை இல்லை. பறப்பதும் இல்லை. விழுகிறது. விழுவதைத் தள்ளிப்போடத் தெரிந்த பிராணி, அவ்வளவுதான்.

மில்லிலிருந்து வந்த புதிதில், தூக்கம் வராமல் வாசலில் சாக்கை விரித்துக் கிடந்தபோது அதை முதலில் பார்த்தாள். பொழுது போய் மலை கறுத்த பிறகு, பொந்தின் வாயில் ஒரு முகம் வந்து நின்றது. உடனே வெளியே வந்துவிடவில்லை. வெகுநேரம் பார்த்தது. ஆந்தை தூக்கிவிடும் என்று அதற்குப் பயம். பிறகு மரத்தோடு ஒட்டி ஏறியது. பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால், செம்பட்டையும் சாம்பலும் கலந்த மயிர். நடக்கும்போது பார்க்கச் சகிக்காது. முன்கால் மணிக்கட்டில் இருந்து பின்கால் கணுக்கால் வரை இரண்டு பக்கமும் தொங்கும் தோல், ஆள் அளவு தெரியாமல் தைத்த சட்டை மாதிரி அதன் காலைத் தட்டும். உச்சிக்குப் போய், தலையை இப்படி அப்படி ஆட்டித் தூரம் பார்த்துவிட்டு, எட்டி உதைத்துத் தன்னை வெளியே எறியும். அப்போதுதான் அந்தச் சட்டையின் அளவு சரியாக இருப்பது தெரியும். நாலு காலும் விரிய, தோல் விறைக்க, சத்தமே இல்லாமல் காற்றில் சறுக்கிக்கொண்டு போகும். சிறகடிப்பு கிடையாது. போகப் போகக் கீழே இறங்கிக்கொண்டேதான் போக வேண்டும். எதிர் மரம் நெருங்கியதும் தலையைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, அடிமரத்தில் தப் என்று ஒட்டும். ஒட்டியதும் மரத்தின் மறுபக்கத்துக்கு ஓடிவிடும். பின்னாலேயே ஆந்தை வந்திருந்தால் அது வெறும் பட்டையில்தான் மோதும். பிறகு மறுபடி உச்சிக்கு ஏற்றம், மறுபடி விழுவது. விடியும்வரை இதே பிழைப்பு. கோழியைத் தொடாது. இலை, பட்டை, அத்திப்பழம். இலையில்கூட பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கீழே போடும்.

ஒரு தடவைகூட அது அவளைப் பொருட்படுத்தியதில்லை. அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. மில்லில் ஒன்றுக்குப் போனால்கூட ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீவானந்தம் போய் சித்தப்பாவை அழைத்து வந்தான். சடையன் தோளில் துண்டோடு, தீர்ப்புச் சொல்லும் நடையில் வந்து சேர்ந்தார். கீழண்டைக் கிளையை வெட்ட அவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார். அதன் விறகு முழுக்க அவருக்கு என்று பேச்சு.

"இன்னா ஆந்த, பகல்ல முழிச்சிகினுகீற?" என்றார்.

"தூங்க வுட்டாத்தான சித்தப்பா."

"அடிமரம் பொது. பங்காளி மூணு பேருல ரெண்டு பேரு சரின்னா வெட்லாம். வயக்கம் அதான்."

"வெட்டுங்க" என்றாள் அன்பரசி.

ஜீவானந்தம் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"உங்க கிளைய வெட்டுங்க, அண்ணன் கிளைய வெட்டட்டும். அடிமரத்தையும் வெட்டுங்க. என் கிளையில ஒரு காயி விழக்கூடாது. அவ்ளோதான். இன்னும் நான் உலுக்கல. காயி அத்தினியும் மேலதான் கீது, பாத்துக்கோங்க."

"அடிமரத்த வெட்டனா உன் கிளை எப்படிடி காத்துல நிக்கும்?" என்றான் ஜீவானந்தம்.

"அது வெட்றவங்க பாடு. நிக்கும்னா வெட்டு."

"வெறக எடுத்துக்கோ. உன் கிளை வெறகு பூரா உனக்கு."

"அப்பா எனக்குக் கிளையக் குடுத்தாரு. வெறகக் குடுக்கல."

துரைக்கண்ணு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு இருமினார். அது சிரிப்பு.

சடையன் துண்டை எடுத்து வேறு தோளில் போட்டார். அவருடைய சங்கடம் அந்த ஊருக்கே தெரிந்தது. ஒரு வருஷம் அன்பரசியின் அப்பா தெற்குக் கிளையை உலுக்கியபோது கீழண்டைக் கிளையில் இருந்து ஒரு கூடை காய்கூடத் தேறாத அளவுக்குத்தான் உதிர்ந்தது. அதற்கு இவர் ஊரைக் கூட்டினார். அண்ணனை நடுவில் நிற்க வைத்து, அத்தனை பேர் பார்க்க அந்தக் காயைப் பொறுக்கித் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்ட வைத்தார். அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது. அவர் செத்தபோதுதான் இவர் அந்த வாசல் மிதித்தார்.

"எங்கப்பாவ அன்னிக்குக் குனிய வெச்சிங்களே சித்தப்பா" என்றாள் அன்பரசி. குரலை உயர்த்தவில்லை. "அதே வயக்கம்தான். இப்ப எனக்கு மட்டும் வேற வயக்கம்னு சொல்லிடுங்க, நான் ஒதுங்கிக்கறேன். ஊருல நாலு பேர வெச்சே சொல்லுங்க."

சடையன் மரத்தைப் பார்த்தார், ஜீவானந்தத்தைப் பார்த்தார், கடைசியாகத் தன் கிளையைப் பார்த்தார். அந்த விறகை விடவும் மனமில்லை, ஊரைக் கூட்டவும் தைரியமில்லை.

"அவ சொல்றதுல ஒரு இது கீதுடா ஜீவா" என்றார்.

இதற்குள் துரைக்கண்ணு மரத்தைச் சுற்றி வந்து பொந்துக்குக் கீழே நின்றார். "உள்ள இன்னா கீது? பாம்பா?"

"பறவைப்பூனை" என்றார் சடையன்.

துரைக்கண்ணு ஒரு அடி பின்னால் வைத்தார். "ஐயோ, அது ஃபாரஸ்ட் கேசு ஆவுற ஜந்துப்பா. இத மொதல்ல சொல்றதில்லயா? யாராச்சும் போட்டுக் குடுத்தா மெஷின புடுங்கிக்கினு போயிடுவான்."

எல்லாரும் அன்பரசியைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுச் சண்டைக்குக் காக்கிச்சட்டையை மலைக்குக் கூப்பிட்டால், வருகிறவன் இந்த மரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டான். ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலும் என்ன விறகு என்று பார்ப்பான்.

"நான் யாரையும் கூப்ட மாட்டேன்" என்றாள். "எனக்கு என் கிளை போதும்."

அந்தப் பெருந்தன்மை ஜீவானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். முகம் சிவந்து, "சரி" என்றான். "அவ கிளைய வுட்டுடுங்க. அடிமரத்தையும் வுட்டுடுங்க. எங்க ரெண்டு கிளையையும் மொட்டையா வழிச்சுடுங்க. ஒத்தக் கிளைய வெச்சிகினு இன்னா பண்றான்னு பாக்கலாம்."

"தம்பி, ஒரு பக்கம் மட்டும் வுட்டா பாரம் தாங்காது. பெரிய காத்து ஒண்ணு வந்தா சாஞ்சுடும்."

"சாயட்டும்."

அன்பரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூரை ஓரத்தில் சாத்தியிருந்த ஏணியை எடுத்து அடிமரத்தில் வைத்து ஏறி, முக்கவையில் கால் வைத்து, தன் கிளையில் கொஞ்ச தூரம் போய் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"எறங்கு அன்பு. மெஷினுக்குக் கண்ணு கெடையாது" என்றான் ஜீவானந்தம்.

"உங்களுக்குக் கீதில்ல. பாத்து அறுங்க" என்றாள் துரைக்கண்ணுவைப் பார்த்து.

"இன்னாமா நீ, ஒரே பேஜாரா போச்சு" என்று துரைக்கண்ணு சொல்லிக்கொண்டே கயிற்றை இடுப்பில் கட்டினார். ஆனால் ரம்பத்தை அவள் பக்கம் திருப்பும்போதெல்லாம் கையை இறுக்கிப் பிடித்தார். அதை அவள் கவனித்தாள்.

கீழண்டைக் கிளை முதலில் போனது. ரம்பம் ஏற ஏற மரம் முழுக்க நடுங்கியது. அவள் தொடை வழியாக, முதுகு வழியாக, பல்வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. மில் ஞாபகம் வந்தது. அங்கும் இப்படித்தான், படுத்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். கீழே பொந்துக்குள் அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். வெளியே வராது. பகலில் வெளியே வந்தால் பருந்தோ காக்கையோ கொத்தும். உள்ளே சுருண்டு, இந்தச் சத்தம் எப்போது முடியும் என்று காத்திருக்கும். அதற்கு வேறு வழி கிடையாது. பாதியில் எழுந்து நடந்துவிட அது அன்பரசி இல்லை.

பிறகு தெற்குக் கிளை. துரைக்கண்ணு அதை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார். துண்டு ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டு அவள் முகத்துக்கு எதிரே வந்து ஆடியபோதுதான் அவள் அதன் பட்டையைப் பார்த்தாள்.

பட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. மேலிருந்து கீழாக நகக் கீறல்கள், கீறல் மேல் கீறல், பழசு மேல் புதுசு. பல வருஷம் நடந்து நடந்து போட்ட தடம். அவள் குனிந்து தன் கிளையைப் பார்த்தாள். சொரசொரவென்று, பாசியோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இத்தனை மாதம் வாசலில் படுத்துப் பார்த்தவள்தான். அது தெற்கே போகும், காட்டோரத்து நாவல் மரத்தில் ஒட்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். தெற்கே போவதற்குத் தெற்குக் கிளையில்தான் ஏற வேண்டும் என்பது மட்டும் காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவள் புத்தி பங்காளி புத்தியாகப் போய்விட்டது. என் கிளை, என் கிளை என்று கத்தித் தன் கிளையைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்தப் பிராணியின் கிளை அண்ணனுடையதாக இருந்தது.

நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தாள். எந்த வழக்கத்தைச் சொல்லி நிறுத்துவது? அடுத்தவன் கிளையில் உனக்கு இன்னா பேச்சு என்று கேட்டால் காலையில் அவள் சொன்ன நியாயம் முழுக்க அவள் தலையிலேயே விழும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெற்குக் கிளையின் அடித்துண்டு மண்ணில் விழுந்தபோது வீட்டு ஓடுகள் குலுங்கின. அவள் கிளையிலிருந்து சில காய்கள் உதிர்ந்தன. ஒருவரும் குனியவில்லை. அவளும் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது. அடிமரத்தில் இரண்டு வெள்ளைக் காயமும், ஒற்றைக் கிளையும் மிஞ்சின. "பள்ளிக்கூடத்துல பேரு கூப்ட்டா கையத் தூக்குவாங்களே, அந்த மாதிரி நிக்குது" என்றார் துரைக்கண்ணு. அவர் வண்டியில் கயிற்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். சடையன் தன் விறகைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஜீவானந்தம் தூள் படிந்த முகத்தோடு மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஈஸ்வரி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். வழக்கமாக அவள் கதவு சாத்துகிற நேரம். டம்ளரைத் திருப்பி வாங்குவதற்காக நின்றாள்.

அன்பரசி மட்டும் டீயைத் தொடாமல் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலை கறுத்தது. முகம் வந்து நின்றது.

"சத்தம் போடாதீங்க" என்றாள். சொன்ன விதத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அது வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே நின்றது. பிறகு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் தெற்குப் பக்கமாக ஏறியது. வெட்டுக்காயம் வந்ததும் நின்றது. மோந்து பார்த்தது. ஈர மரத்தில் கை வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டது. மேலே ஒன்றும் இல்லை. காயத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. கீழண்டைப் பக்கம் போனது. அங்கும் காயம். மறுபடி தெற்கே வந்து நின்றது.

பொந்துக்குள் போய்விடும் என்று அன்பரசி நினைத்தாள். போனால் பசியோடு கிடக்கும். தரையில் இறங்கி நடந்தால் நாய் பிடித்துக்கொள்ளும். இரண்டில் எது நடந்தாலும் அவளும் பொறுப்பு.

அது மேலண்டைக் கிளையில் கை வைத்தது.

புது ஆள் புது வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நின்று நின்று ஏறியது. கிளை உயர்ந்து கூரைக்கு மேலே போகிற இடத்துக்கு வந்தது. நுனிவரை போனது. எதிரே, வீட்டுக்கு அந்தப் பக்கம், கிணற்றோரத்தில் ஒரு பலாமரம் இருந்தது. நாவல் மரத்தைவிடத் தூரம். அது தலையை ஆட்டித் தூரம் பார்த்தது. ஆட்டிக்கொண்டே கத்தியது. விட்டு விட்டு, நீளமாக, நேராக அந்த வீட்டின் மேலே நின்று.

ஜீவானந்தம் எழுந்தான். ஈஸ்வரியின் கையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. காதைப் பொத்துவதற்கு அவளுக்குக் கை ஒழியவில்லை.

எட்டி உதைத்தது. கிளை ஆடியது, காய்கள் கூரையிலும் வாசலிலும் தபதபவென்று விழுந்தன. அவர்கள் தலைக்கு மேலே, கொடியிலிருந்து காற்று பிடுங்கிக்கொண்டு போன துணி மாதிரி, வெளுத்த வயிறும் விரிந்த நாலு காலுமாக அது போனது. சத்தம் கொஞ்சம்கூட இல்லை. போகப் போக இறங்கியது. கூரை முகட்டுக்குக் கொஞ்சம் மேலே, கிணற்று மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் மேலே. உயரம் போதாது என்று அன்பரசிக்குப் பட்டது. கடைசி நேரத்தில் தலையைத் தூக்கியது. தப். பலாமரத்தின் அடியில், ஒரு நாய் எட்டினால் பிடிக்கிற உயரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் மறுபக்கம் ஓடியது. பிறகு பட்டையில் நகம் பிறாண்டும் சத்தம் மேலே மேலே போனது.



"இதானா?" என்றாள் ஈஸ்வரி.

"இதான்."

"கிழிஞ்ச கம்பளி மாதிரி கீது." பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் இருந்து அது மறுபடி கத்தியது. அவள் முகம் இறுகியது. ஆனால் உள்ளே போகவில்லை. "தெனம் இந்நேரத்துக்குக் கெளம்புமா?"

"தெனம்."

"நைட் ஷிப்டு."

"ஆமா அண்ணி."

"உன்ன மாதிரி பாதியில ஓடியாராம இருந்தா சரி."

அன்பரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈஸ்வரி சிரிக்கவில்லை. பயம் போய்விட்டதா என்றும் தெரியவில்லை. டம்ளர்களை எண்ணாமலே வாரிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

காலடியில் கிடந்த காயைச் சடையன் பழக்கத்தில் குனிந்து எடுத்தார். எடுத்த பிறகுதான் யோசித்தார். "யார் காயி இது?"

"என் கிளைக் காயி" என்றாள் அன்பரசி.

"குலுக்கனவன்தான் பொறுக்கித் தரணும்."

"தோ, பலாமரத்து மேலதான் கீது. கூப்ட்டு ஊரக் கூட்டுங்க சித்தப்பா."

துரைக்கண்ணு இந்த முறை இருமி மறைக்கவில்லை. சடையன் அந்தக் காயைத் தன் துண்டில் போடவா, கீழே போடவா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் நடந்து வந்து அவள் கையில் வைத்தார். ஒற்றைக் காய்தான். அவள் வாங்கிக்கொண்டாள். "மத்தியானம் உதுந்தது பாக்கி கீது" என்று மட்டும் சொன்னாள்.

ஜீவானந்தம் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். "காத்தடிச்சா இது சாஞ்சிடும் அன்பு. அவரே சொல்லிட்டாரு. அப்ப இன்னா பண்ணுவ?"

"சாஞ்சா சாயட்டும். அது மரத்தோட இஷ்டம். நீ சாய்க்கக் கூடாது."

"வேன்காரன் வருவான். அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"மரத்தக் காட்டு. என் தங்கச்சிக்கு இங்க மரம் கீதுன்னு சொல்லு."

 அவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ரம்பத்தூளுக்கு நடுவே கிடந்த காய்களைக் காலால் ஒரு பக்கமாக ஒதுக்கினான். கையால் எடுக்கவில்லை. ஆனால் மிதிக்கவும் இல்லை.

துரைக்கண்ணுவின் வண்டி வளைவில் இறங்கி மறைந்தது. சடையன் விறகை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்பரசி வாசலில் இருந்த சாக்கை எடுத்துவந்து ஒற்றைக் கிளைக்குக் கீழே விரித்து உட்கார்ந்தாள். கூரையிலிருந்து வழிந்த காயும் மண்ணில் கிடந்த காயுமாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.

"வெளக்கு எடுத்தாரட்டா?" என்று படியிலிருந்து ஈஸ்வரி கேட்டாள்.

"வேணாம் அண்ணி."

இருட்டில்தான் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.